எந்த வேர்ட் போடுவது என்று சண்டை பிடிப்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள். குரூப்பில் எனக்குச் சிரிப்பு ஐகன் போட்டவர்கள் நேரம் இல்லாவிட்டாலும் வாசியுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: கட்டாரில் இருக்கிற நம்ம பிள்ளைகள் காசு சேர்த்து, மாலை வகுப்பு நடக்கிற இடத்துக்கு ஆறு பழைய கொம்பியூட்டர் வாங்கித் தந்திருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுடைய உழைப்பில் பரகத் செய்யட்டும். மெஷின் வந்து இறங்கிய அன்றைக்கே ஊர் வட்ஸ்அப் குரூப்பில் சண்டை தொடங்கிவிட்டது. எந்த வேர்ட் போடுவது? ஒருவர் 2021தான் வேணும் என்கிறார். ஒருவர் பழைய மெஷினுக்கு 2016தான் சரி என்கிறார். இன்னொரு நானா 2007 மாதிரி ஒன்று இனிமேல் வராது என்று பழைய காலத்துப் படத்தைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார். கொமினிகேஷன் வைத்திருக்கிற தம்பி வொய்ஸ் போட்டிருக்கிறார்: "எதுவெண்டாலும் சொல்லுங்க, புல் வேர்ஷன் போட்டுத் தாறன், மெஷினுக்கு ஆயிரத்தி ஐநூறு."

நான் ஒரே ஒரு வரி எழுதினேன். "லிப்ரே ஒபிஸ் போடலாமே, அது இலவசம்தானே." அதற்கு வந்தது பதினொரு சிரிப்பு முகமும் ஒரு பதிலும். "டீச்சர், சும்மா கிடைக்கிற சாமான நம்மட பிள்ளைகளுக்குக் குடுக்கேலா."

சரி. சும்மா கிடைக்கிற சாமானைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் போன தவணையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தரம் 9 இஸ்லாம் வினாத்தாள். தயாரித்தவர் நல்ல ஆசிரியர், பிழை விடுகிறவர் இல்லை. தன்னுடைய மடிக்கணினியில் வேர்ட்டில் அடித்து, குர்ஆன் வசனத்தை அழகான ஓர் அரபு எழுத்துருவில் போட்டு, தமிழைப் பாமினியில் அடித்து, வட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் பென் டிரைவில் போட்டு பஸ் ஏறி நிலாவெளிக்குப் போனேன், அன்றைக்கு ஊரில் கரண்ட் இல்லை. அங்கே கடைக்கார மெஷினில் இருந்தது வேறு வேர்ட். அரபு எழுத்து ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நின்றது. சில இடத்தில் வெறும் பெட்டி. ஏழாவது கேள்வியில் இருந்து தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஓடியது. நான் பார்க்கும்போது நாற்பது பிரதி அடித்து முடிந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் பரீட்சை. கடைசியில் அந்த வசனத்தையும் ஏழாம் கேள்விக்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் சோக்கால் கரும்பலகையில் எழுதினேன். பின் வரிசையில் இருந்த, கண்ணாடி போட வசதியில்லாத ஒரு பிள்ளை எட்டாம் கேள்வியை அரைவாசி பார்த்து எழுதியிருந்தது. அந்தப் பிள்ளைக்குப் புள்ளி குறைத்தது யார் என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

"பிடிஎப் ஆக அனுப்பியிருக்கலாமே டீச்சர்" என்பீர்கள். அனுப்பலாம். ஆனால் பிடிஎப்பில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டுமென்றால் அனுப்பியவரைத்தான் மறுபடி எழுப்ப வேண்டும். அடுத்த வருடம் அதே தாளில் இரண்டு கேள்வியை மாற்றிப் பாவிக்க நினைத்தாலும் முடியாது.

இதில் இரண்டு நோய் இருக்கிறது. நம்ம குரூப் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறது.

முதல் நோய் பாமினி. பாமினி ஒரு எழுத்துரு மட்டும்தான், அதற்குள்ளே தமிழ் இல்லை. நீங்கள் பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கொம்பியூட்டருக்குள் பதிவாவது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினுக்குப் போனால் முகமூடி கழன்றுவிடும். போனில் திறந்தால் கழன்றுவிடும். பார்வை இல்லாத பிள்ளைக்கு வாசித்துக் காட்டுகிற மென்பொருள் அதை எம், கே, செமிகோலன் என்றுதான் வாசிக்கும். தேடவும் முடியாது.

யுனிகோட் அப்படி இல்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே இலக்கம். 1991இல் வந்த முதல் யுனிகோடிலேயே தமிழ் இருக்கிறது. வின்டோஸ் 2000இல் இருந்து லதா என்ற தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. இலங்கையில் அதற்கு நியமமும் இருக்கிறது, எஸ்எல்எஸ் 1326, 2008ஆம் ஆண்டு. அதாவது நம்ம தரம் 9 பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னாலேயே இந்த வேலை முடிந்துவிட்டது. நாம்தான் இன்னும் முகமூடியோடு நிற்கிறோம்.

"விரல் பாமினிக்குப் பழகிட்டு டீச்சர், இனி மாத்தேலா" என்கிறவர்களுக்கு: விரலை மாற்ற வேண்டாம். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசை அமைப்பே இருக்கிறது. நீங்கள் அடிக்கிற மாதிரியே அடிக்கலாம், உள்ளே போவது யுனிகோடாக இருக்கும். எனக்கே கல்வியியற் கல்லூரியில் பழகியது பாமினிதான். மாற எனக்கு ஒரு பின்னேரம்தான் எடுத்தது.

இந்த நோயின் கடைசிக் கட்டம் என்னவென்று ஒரு சம்பவத்தால் சொல்கிறேன்.

நான் ஆசிரியராக வந்த புதிதில் பாடக்குறிப்பு எழுதப் பழக்கிய ஒரு சேர் மூன்று வருடத்துக்கு முன் மௌத்தானார். அவருடைய மகள் ஒரு பென் டிரைவோடு என்னிடம் வந்தா. "டீச்சர், வாப்பாட பைல் எல்லாம் இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கு. வாப்பாக்கு இவ்வளவு இங்கிலீஷ் தெரியாதே."

நூற்றுச் சொச்சம் பைல். பெரும்பாலும் மாதிரி வினாத்தாள், வரலாற்றுக் குறிப்பு. பாமினியில் அடித்தவற்றை சுரதா யாழ்வாணன் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டி, ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றினேன். நோன்பு விடுமுறை முழுக்க அதுதான் வேலை. அந்த மனுஷன் எங்கேயோ இருந்து செய்து வைத்த உதவிக்கு நான் இன்றைக்கும் துஆச் செய்கிறேன். ஆனால் பதினேழு பைல் திறபடவில்லை. சேர் ஏதோ ஒரு அச்சகத்தில் வாங்கி வந்த எழுத்துருவில் அடித்திருக்கிறார். அதன் பெயர் மட்டும் பைலில் இருக்கிறது, எழுத்துரு எங்கேயும் கிடைக்கவில்லை. எந்த மாற்றியும் அதை எடுக்கவில்லை.

அந்தப் பதினேழில் என்ன இருந்தது என்று மகளுக்குத் தெரியும். நம்ம ஊர் கரைவலைக்காரர்களிடம் போய் இருந்து கேட்டு அவர் எழுதியது. சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்கு ஒரு பெயர்தான் நமக்குத் தெரியும். அந்தக் காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் திரும்பும், அப்போது எந்த மீன் கரைக்கு வரும், நீரோட்டம் மாறுவதை எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் பெரியவர்கள் சொன்னதை வரிசையாக அடித்து வைத்திருந்தாராம். சொன்னவர்களில் அரைவாசிப் பேர் இப்போது மையவாடியில். 2004இல் கடல் வந்து நம்ம கரையோரத்தில் எத்தனையோ வீட்டுக் கடதாசிகளைக் கொண்டுபோனது, அது அல்லாஹ்வின் நாட்டம். இந்தப் பதினேழு பைலைக் கடல் கொண்டுபோகவில்லை. பென் டிரைவ் என் மேசை லாச்சியில்தான் இருக்கிறது, ஒரு எழுத்தும் அழியாமல். வாசிக்கத்தான் முடியாது.

இப்போது சொல்லுங்கள், 2021ஆ 2016ஆ?

இரண்டாவது நோய்க்கு வருகிறேன். வேர்ட்டில் அடித்தது எந்த வேர்ட்டிலும் அப்படியே திறபடும் என்று நம்ம ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. கணித ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். பழைய வேர்ட்டில் சமன்பாடு அடிக்க ஒரு கருவி இருந்தது, ஈக்குவேஷன் எடிட்டர் 3. அதில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று 2018 ஜனவரியில் மைக்ரோசொப்ட் அதையே கழற்றி எடுத்துவிட்டது. பழைய தாள்களில் சமன்பாடு கண்ணுக்குத் தெரியும், அந்தக் கருவியில் திருத்த முடியாது. பின்னத்தில் 3ஐ 5ஆக மாற்றுவதுகூட அதில் நடக்காது. வேர்ட்டே வேர்ட்டைக் கைவிட்ட கதை இது.

இன்னும் கேளுங்கள். ஒபிஸ் 2007க்கு மைக்ரோசொப்ட்டின் ஆதரவு 2017இல் முடிந்தது. 2010க்கு 2020இல் முடிந்தது. 2016க்கும் 2019க்கும் ஒரே நாளில், 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. வின்டோஸ் 10க்கும் அதே நாள்தான். குரூப்பில் எல்லாரும் கேட்கிற அந்த 2021க்கு 2026 ஒக்டோபர் 13 வரைதான் தவணை. தவணை முடிந்தால் அடுத்த நாளே வேர்ட் நின்றுவிடாது, வேலை செய்யும். ஆனால் ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆள் இல்லை. பென் டிரைவ் கைக்குக் கை மாறுகிற ஒரு வகுப்பில் அதன் அர்த்தம் என்ன என்று நம்ம எல்லாருக்கும் தெரியும். போல்டர் எல்லாம் ஷோர்ட்கட் ஆகி நின்றதை நாம் பார்க்கவில்லையா?

அடுத்தது அந்த "புல் வேர்ஷன்". மெல்லமாகத்தான் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். காசு கொடுத்து உரிமம் வாங்காமல் பூட்டை உடைத்துப் போடுவதற்குப் புல் வேர்ஷன் என்று பெயர் வைத்தது யார்? பூட்டை உடைக்கிற அந்தச் சின்ன புரோகிராம் ஓடுவதற்காகக் கடையில் முதலில் வைரஸ் காவலை நிறுத்துவார்கள். பல மெஷினில் அதைத் திரும்பப் போட மறந்தும் விடுவார்கள். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குக் கதவு போடுகிறோம்.

சட்டமும் இருக்கிறது: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். மென்பொருளும் அதன் பாதுகாப்பில் வருகிறது. சட்டத்தை விடுங்கள், யார் வந்து பிடிக்கப் போகிறார்கள் என்பீர்கள். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நூல் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை ஷரீஅத்தில் மதிக்கப்படும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று முடிவெடுத்தது. நான் மௌலவி இல்லை, பத்வா கொடுக்க வரவில்லை. ஆனால் காலை வகுப்பில் "பிறர் பொருளை எடுக்காதே" என்று பாடம் நடத்திவிட்டு, பின்னேரம் உடைத்த பூட்டுக்கு முன்னால் பிள்ளையை உட்கார வைக்க எனக்கு நா வராது. வேறு வழியே இல்லை என்றால் நிர்ப்பந்தம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லலாம். வழி இருக்கிறது, இலவசமாக, ஹலாலாக. நாம்தான் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

சும்மா கிடைக்கிற சாமானுக்கு வருவோம்.

லிப்ரே ஒபிஸ் யாரோ ஒருவர் தட்டில் போட்ட பிச்சை இல்லை. ஓபன் ஒபிஸ் என்று ஒன்று இருந்தது. அதை வைத்திருந்த கம்பனி 2010இல் இன்னொரு பெரிய கம்பனியின் கைக்குப் போனது. இனி என்ன ஆகுமோ என்று பயந்து, அதில் வேலை செய்தவர்களில் பலர் அதே வருடம் செப்டம்பரில் வெளியே வந்து தொடங்கியதுதான் லிப்ரே ஒபிஸ். அதைப் பார்ப்பது டொக்கியுமென்ட் பவுண்டேஷன் என்ற ஒரு அறக்கட்டளை. பூட்டும் இல்லை, உடைக்க வேண்டியதும் இல்லை. நிலையத்து மெஷினிலும் போடலாம், பிள்ளையின் வீட்டு மெஷினிலும் அதையே போடலாம், ஒரு சதம் இல்லை. எனக்கு இதுதான் முக்கியம். நிலையத்தில் 2021, வீட்டில் மாமா விட்டுப்போன 2007, கடையில் 2016 என்று மூன்று விதமாகப் பிள்ளை தடுமாறத் தேவையில்லை.

இங்கேயும் எந்த வேர்ஷன் என்ற கேள்வி இருக்கிறது. இது உருப்படியான கேள்வி, கவனியுங்கள். டவுன்லோட் பண்ணப் போனால் வழக்கமாக இரண்டு வேர்ஷன் இருக்கும். ஒன்று புத்தம் புதியது, மற்றது ஒரு படி பழையது, பிழை திருத்தி உறுதியானது. வகுப்புக்கு உறுதியானதை எடுங்கள், புதிய வசதி நமக்கு ஒன்றும் அவசரமில்லை. ஆனால் வந்த ஆறு மெஷினில் இரண்டில் வின்டோஸ் 7 இருக்கிறது. லிப்ரே ஒபிஸ் 25.8இல் இருந்து வின்டோஸ் 7க்கும் 8க்கும் ஓடாது. அந்த இரண்டுக்கும் 25.2ஐத்தான் போட வேண்டும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 2024இல் இருந்து அவர்கள் வருடத்தையும் மாதத்தையும் வைத்தே இலக்கம் போடுகிறார்கள், 25.2 என்றால் 2025 பெப்ரவரி. ஒரு தரம் 350 எம்பி அளவில் டேட்டா போகும், பிறகு பென் டிரைவில் எல்லா மெஷினுக்கும் கொண்டுபோகலாம். ஓபன் ஒபிஸ் என்ற பெயரில் பழையது இன்னும் கிடைக்கிறது, மறந்தும் அதை எடுக்க வேண்டாம். 2014இல் வந்த 4.1க்குச் சின்னச் சின்னத் திருத்தம் போட்டுக்கொண்டு நிற்கிறது, டொக்எக்ஸ் ஆகச் சேமிக்கவும் அதற்குத் தெரியாது.

குறை இல்லையா? இருக்கிறது. மறைத்துப் பேசினால் நாளைக்கு நீங்களே என்னைப் பிடிப்பீர்கள். வேர்ட்டில் பெட்டி பெட்டியாக அலங்கரித்த தாளைத் திறந்தால் பெட்டிகள் இடம் மாறும். அட்டவணைக்குள் அட்டவணை வைத்தவர்களுக்குத் தலையிடிதான். தமிழும் அரபும் அடிக்க முதலில் மொழி அமைப்பில் போய் "கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" என்பதற்குச் சரி அடையாளம் போட வேண்டும், போடாவிட்டால் வலமிருந்து இடம் எழுதும் பொத்தானே வராது. தமிழையும் அரபையும் அது ஒரே பெட்டியில் போடுவதால் அரபு வசனத்தைத் தெரிவுசெய்து எழுத்துருவையும் அளவையும் தனியாகக் கொடுக்க வேண்டியும் இருக்கும். எனக்கு முதல் வாரம் இதில் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஒருமுறை மாதிரித் தாள் ஒன்றைச் செய்து வைத்துவிட்டால் பிறகு அதையே திறந்து அடிக்கலாம்.

"அலுவலகத்துல வேர்ட் பைல்தான் கேட்பாங்க." கேட்கட்டும். சேமிக்கும்போது டொக்எக்ஸ் என்று கொடுங்கள், எப்போதும் அப்படியே சேமிக்கும்படி அமைப்பிலும் போட்டு வைக்கலாம். நான் ஒரு வருடமாக அப்படித்தான் அனுப்புகிறேன், ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. நம்மிடம் வைத்திருக்கிற பிரதியை மட்டும் ஓடிடி ஆக வையுங்கள். அது 2006இல் இருந்து சர்வதேச நியமம். அந்த நியமத்தைப் பார்த்து யாரும் அதைத் திறக்கிற மென்பொருள் எழுதலாம், ஒரு கம்பனியின் தயவில் நிற்க வேண்டியதில்லை.

"பிள்ளைகளுக்கு நாளைக்கு வேலைக்குப் போக வேர்ட் தெரியணுமே" என்று ஒரு சாச்சா எழுதியிருந்தார். நியாயமான கவலை, அவருக்கு மட்டும் மரியாதையோடு பதில் சொல்கிறேன். சாச்சா, தலைப்புக்குத் தலைப்பு என்று பாணி கொடுப்பது, பக்க இலக்கம் போடுவது, அட்டவணை போடுவது, பொருளடக்கம் தானாக வரவைப்பது, இதெல்லாம் ஒன்றில் விளங்கிய பிள்ளைக்கு மற்றதில் பொத்தானைத் தேட அரை மணித்தியாலம் போதும். இப்போது நம்ம பிள்ளைகள் வேர்ட்டில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தலைப்பை நடுவுக்குக் கொண்டுவர இடைவெளி விசையை இருபது தரம் அடிக்கிறார்கள். அதற்கு எந்த வேர்ஷனும் மருந்தில்லை.

ஒரு சின்ன விஷயமும் சொல்லிவிடுகிறேன், வேர்ட்டுக்கு வெளியே. வின்டோஸ் 7 மெஷினில் நோட்பேட்டில் தமிழ் அடிக்கிறவர்கள் கவனம். சேமிக்கும்போது கீழே என்கோடிங் என்ற இடத்தில் ஆன்சி என்று இருக்கும், அதை யுடிஎப்-8 என்று மாற்ற வேண்டும். மாற்றாமல், வருகிற எச்சரிக்கைக்கும் ஓகே கொடுத்துவிட்டால் முழுத் தமிழும் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப எடுக்க முடியாது. 2019 மே மாத வின்டோஸ் 10இல் இருந்துதான் அது தானாகவே யுடிஎப்-8 ஆனது. என் வகுப்புப் பிள்ளை ஒன்று உம்மாவைப் பற்றி எழுதிய கட்டுரை அப்படித்தான் இரண்டு பக்கக் கேள்விக்குறியாக வந்து நின்றது.

கொமினிகேஷன் தம்பிக்கு: உங்கள் பிழைப்பில் மண் போட நான் வரவில்லை. அந்த ஆயிரத்தி ஐநூறை மெஷினைத் துப்புரவாக்கி, லிப்ரே ஒபிஸ் போட்டு, பாமினி விசையோடு யுனிகோட் அமைத்துத் தருவதற்கு வாங்குங்கள். ஆறு மெஷினுக்கும் நானே என் காசில் தருகிறேன்.

நிலையத்துப் பொறுப்பாளர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முடிவெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சிரிப்பு முகம் போட்டவர்கள் அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் கிடக்கிற பழைய பைல் ஒன்றை, 2010க்கு முன்னால் நீங்கள் அடித்ததை, உங்கள் போனில் திறந்து பாருங்கள். என்ன தெரிகிறது என்று படம் எடுத்துக் கீழே போடுங்கள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் நிலையத்தில் இருப்பேன். பாமினி பைல் மாற்ற வேண்டியவர்கள் பென் டிரைவ் கொண்டு வாங்க, முதலில் வைரஸ் பார்த்துத்தான் குத்துவேன். பழைய அச்சக எழுத்துருக்கள் எதையாவது யாராவது சீடியில் வைத்திருந்தால், என்ன பெயராக இருந்தாலும் பரவாயில்லை, அதையும் மறக்காமல் எடுத்து வாங்க. அந்தப் பதினேழு பைலில் போட்டுப் பார்க்க வேண்டும்.